ஒற்றை ஊசி காட்டிய தூரம்

கொட்டகைச் சுவரில் தொங்கிய வில்லைக் கையில் எடுத்ததுமே லீட்டா பிரஸ்கிக்கு என்னவோ உறுத்தியது. வில்லின் எடை மாறவில்லை, நாண் தளரவில்லை, கப்பிகளில் தூசுகூட இல்லை. ஆனால் குறிபார்க்கும் ஊசி உள்ள குறிவளையத்தின் பக்கத்தில், தூரத்துக்கேற்ப அதை நகர்த்தும் சின்னச் சக்கரத்தை அவள் எப்போதும் இருபது கஜத்தில்தான் விட்டுவைப்பாள். காட்டிலிருந்து திரும்பியதும் முதல் வேலை அதுதான், வெளியே கிளம்பும்போது அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பதைப் போல. இன்று சக்கரத்தின் முள் ஐம்பத்தெட்டில் நின்றது.

"நார்ப், என் வில்லத் தொட்டியா?" என்று வாசல் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

வெளியே மேப்பிள் இலைகளை வாரிக்கொண்டிருந்த அவள் கணவன் நார்பர்ட் நிமிர்ந்தான். "உன் வில்லயா? அதத் தொட்டா கைய ஒடிப்பேன்னு சொல்லி வெச்சிருக்கியே, நான் ஏன் தொடுறேன்?"

"சக்கரம் நகந்திருக்கு."

"அதான் அப்பவே சொன்னேன். நகர்ற சாமான வில்லுல மாட்டினா நகரத்தான் செய்யும்."

இந்த வழக்கு அந்த வீட்டில் போன வேட்டைப் பருவத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. நார்பர்ட் ஐந்து ஊசிக்காரன். அவன் குறிவளையத்துக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து ஊசிகள், நிறம் நிறமாக நுனி ஒளிரும். ஒவ்வொன்றும் ஒரு தூரத்துக்கு. மான் எங்கே நின்றாலும் அதற்கான ஊசி தயாராக இருக்கும், திருகிக்கொண்டிருக்க வேண்டாம் என்பது அவன் கட்சி. லீட்டாவும் அப்படித்தான் இருந்தாள், போன நவம்பரில் ஓக் மரத்தடியில் ஒரு பெரிய கொம்பன் மான் வந்து நிற்கும்வரை. அந்தி மங்கலில் ஐந்து ஒளிப்புள்ளிகளும் ஒன்றோடொன்று குழம்ப, அவள் ஓர் ஊசி மாற்றிக் குறிவைத்தாள். அம்பு அதன் முதுகுக்கு மேலே விர்ரென்று போயிற்று. அன்றிரவே அவள் முடிவு செய்துவிட்டாள். இனி ஒரே ஊசி. தூரமானியில் தூரத்தை அளக்க வேண்டியது, சக்கரத்தைத் திருப்பி முள்ளை அந்த எண்ணில் வைக்க வேண்டியது, ஊசியை மான்மேல் வைத்து அம்பை விட வேண்டியது. குழப்பம் கிடையாது.

அவள் முள்ளை இருபதுக்குக் கொண்டுவந்தாள். பூட்டுத் திருகை விரல் வலிக்க இறுக்கினாள்.

மறுநாள் அது ஐம்பத்தொன்றில் இருந்தது.

திருகு தேய்ந்திருக்கும் என்று நினைத்தாள். கழற்றித் துடைத்து மறுபடி மாட்டி, சக்கரத்தின் மேல் துணி ஒட்டுநாடாவையும் சுற்றினாள். அடுத்த நாள் நாடா அப்படியே சுருக்கமில்லாமல் இருந்தது. அதை உரித்தபோது கீழே முள் நாற்பத்தெட்டில் நின்றது. நார்பர்ட்டிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பைத் தாங்குவதைவிட முள்ளைத் திருப்பி வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பது சுலபம் என்று தோன்றியது.

சனிக்கிழமை விடியலில் வேட்டைப் பரணில் ஏறினாள். வீட்டுக்குப் பின்னால் அறுவடையான சோளக்காடு, அதைத் தாண்டி மேடு, மேட்டில் ஓக் மரங்கள். அவற்றில் நெடியதில் இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே இரும்புப் பரண். இடுப்பிலும் தோளிலும் வார்களை மாட்டி அடிமரத்தோடு தன்னைப் பிணைத்துக்கொண்டு, வில்லை இருபதில் வைத்துக் கொக்கியில் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். கீழே உறைபனி சருகுகளின் விளிம்பையெல்லாம் வெள்ளையாக்கியிருந்தது. எங்கோ ஒரு அணில் சருகைக் கிளறுவதும் நிறுத்துவதுமாக இருந்தது, நிறுத்தும்போதெல்லாம் காடு முழுவதும் அதோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்வது போல ஒரு நிசப்தம் விழுந்தது, பிறகு மறுபடி அந்தச் சின்னச் சரசரப்பு, தூரத்தில் பால் லாரி ஒன்று மலைப்பாதையில் கியர் மாற்றி ஏறும் முனகல், மறுபடி சரசரப்பு. அது ஒரு கட்டத்தில் நின்றுபோனதை அவள் வெகுநேரம் கழித்துத்தான் உணர்ந்தாள். அணில் ஓடிப்போன சத்தம் கேட்கவில்லை. சும்மா நின்றுவிட்டது.

கொக்கியில் தொங்கிய வில்லைப் பார்த்தாள். முள் நாற்பத்திரண்டு.

சக்கரத்தை யாரும் தொடவில்லை. அவள் கைகள் மடியில் இருந்தன.

தூரமானியைக் கண்ணில் வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. மெதுவாகச் சுற்றிலும் அளந்துகொண்டே வந்தாள்: முப்பத்தைந்து, ஐம்பது, முப்பத்தொன்பது. விழுந்து கிடந்த ஒரு பாஸ்வுட் மரத்தின் மேல் கண்ணாடி வந்தபோது சிவப்பு எழுத்தில் நாற்பத்திரண்டு என்று காட்டியது.

அங்கே ஒன்றும் இல்லை. மரம், பாசி, சருகு. ஆனால் எங்கும் படிந்திருந்த உறைபனி அந்த மரத்தை ஒட்டி ஒரு கட்டில் அகலத்துக்கு இல்லை. கருப்பாக, ஈரமாக, யாரோ இப்போதுதான் படுத்து எழுந்த இடம் போல. காற்று அந்தப் பக்கமிருந்து திரும்பியபோது புளித்த பால் வாடை வந்தது. லீட்டா பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். அது தன் தலைமுடியின் வாடைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு முறை குளித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

அன்று மதியம் கொட்டகையில் வில்லை மாட்டிவிட்டு, ஆணிக்குக் கீழே நின்றுகொண்டு தூரமானியை வெளியே திருப்பினாள். முள் முப்பத்தாறைக் காட்டிக்கொண்டிருந்தது. முப்பத்தாறில் இருந்தது அவர்கள் ஆப்பிள் மரம். தினமும் சாயந்தரம் மான்கள் வந்து உதிர்ந்த பழங்களைத் தின்றுவிட்டுப் போகும். மான்கள் எப்போதிலிருந்து வரவில்லை என்று யோசித்துப் பார்த்தாள். பழங்கள் குவிந்து அழுகிக் கிடந்தன. ஒன்றைக்கூட எதுவும் கடித்திருக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டில் வறுத்த மான்கறிச் சாசேஜை முள்கரண்டியால் தள்ளிக்கொண்டே சொன்னாள். "அது சும்மா நகரல நார்ப். அது தூரம் காட்டுது."

"எதோட தூரம்?"

"தெரியல. எதுவோ. நாளுக்கு நாள் கிட்ட வருது."

நார்பர்ட் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். எழுந்துபோய் வில்லைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். தட்டில் இருந்தது ஆறும்வரை சாப்பிடாமல் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முள் அசையவில்லை.

"பாத்தியா? ஒண்ணுமில்ல," என்றான்.

"நாம பாக்கறப்ப அது அசையாது."

"லீட்டா. நாளைக்கு வெண்டல்கிட்டப் போவோம். இந்தக் கர்மத்தக் கழட்டிப் போட்டுட்டுப் பழைய அஞ்சு ஊசியவே மாட்டிக்க. அது ஆணியடிச்ச மாதிரி நிக்கும். நகர்றதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல."

வெண்டல் நார்பர்ட்டோடு ஒரே பள்ளியில் படித்தவன். ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் வில் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைப் பந்தாட்டம் வானொலியில் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்குள் மெழுகும் புது ரப்பரும் கலந்த வாடை. லீட்டாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினான்.

"வாங்க, ஒத்த ஊசி மகாராணி! என்ன, அதுக்குள்ள சலிச்சுப் போச்சா?"

"சக்கரம் நிக்க மாட்டேங்குது," என்றாள் லீட்டா. மற்றதை அவள் சொல்லவில்லை. நார்பர்ட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வெண்டல் வில்லை இடுக்கியில் பொருத்தி, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பினான். "நல்லாத்தானே இருக்கு. பல்லு தேயல. பூட்டுப் புடிக்குது. இங்க பாரு, என் முழு பலத்தையும் போட்டுத் திருப்பறேன், அசையுதா?" இருபதில் வைத்து இறுக்கினான். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் தாயே. நிறுத்தி நிதானமா அடிக்கறவனுக்கு ஒத்த ஊசி. மான் ஓடிட்டே இருக்கும், அவசரம்னா அஞ்சு ஊசி. ஒத்த ஊசியில ஒரே வம்பு, அளந்து முடிக்கறதுக்குள்ள அது இடம் மாறிடும். நீ நாப்பதுல வெச்சிருப்ப, அது முப்பதுல நிக்கும்."

"அது தெரியும்," என்றாள் லீட்டா. "ஆனா இது தானா அளக்குதே."

"என்னது?"

அவள் கை நீட்டிக் காட்டினாள். இடுக்கியில் பூட்டியிருந்த குறிவளையத்தில் முள் இருபத்தாறில் நின்றது.

வெண்டல் அதைப் பார்த்தான், நார்பர்ட்டைப் பார்த்தான். "டேய், நீ திருப்பினியா?"

நார்பர்ட் இல்லையென்று தலையை ஆட்டினான்.

கடையின் பின்பக்கம் பயிற்சி எய்யும் கூடம். கோடியில் வைக்கோல் பலகை, அதன்மேல் ரப்பர் மான். பலகைவரைக்கும் சரியாக இருபது கஜம். வெண்டல் தானே அளந்து கோடு போட்டது. அதற்குப் பின்னால் தகரச் சுவர்தான். லீட்டா அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு கஜம் தள்ளி. வெளியே. சுவரைப் பார்த்தபடி. தகரத்தில் ஏதோ மெல்ல உரசிற்று. காற்றாக இருக்கலாம், காய்ந்த களைச்செடியாக இருக்கலாம்.

"மாத்திடு," என்றாள். "இப்பவே மாத்து. எனக்குத் தெரியவே வேண்டாம்."

அரை மணியில் பழைய ஐந்து ஊசி வில்லில் ஏறிவிட்டது. ஒற்றை ஊசியை வெண்டல் இழுப்பறைக்குள் போட்டான். திரும்பி வரும் வழியில் பாலத்தின் மேல் வெயில் அடித்தது. லீட்டா நெடுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள். நார்பர்ட் அவள் முழங்காலில் தட்டிக்கொடுத்தான்.

அந்த நிம்மதி செவ்வாய்க்கிழமைவரை தாங்கியது.

அதன்பிறகுதான் அவளுக்குப் புரிந்தது, முன்பு பயம் ஓர் எண்ணாக இருந்தது என்று. நாற்பத்திரண்டு என்றால் பாஸ்வுட் மரம். முப்பத்தாறு என்றால் ஆப்பிள் மரம். மற்ற இடமெல்லாம் அவளுடையது. இப்போது எண் இல்லை. தொழிற்சாலையில் தயிர்க்கட்டிகள் பால் திரிந்த நீரில் மிதக்கும் நீளத் தொட்டியின் மறுகோடியைப் பார்த்தாள். காரின் பின் இருக்கையைப் பார்த்தாள். குளியலறைத் திரையை விலக்கிப் பார்த்தாள், விலக்கிய கையோடு திரும்பித் தன் முதுகுப்பக்கம் பார்த்தாள். உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. புதன்கிழமை மாலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் ஜன்னல் வழியே நிமிர்ந்தபோது மான்கள் திரும்பி வந்திருந்தன. ஆப்பிள் மரத்தடியில் நான்கைந்து பிணைகள். ஒன்றும் குனிந்து தின்னவில்லை. காதுகளை விறைத்துக்கொண்டு, ஒன்றையொன்று ஒட்டி நின்று, எல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் கையை உயர்த்தினாள். அசைத்தாள். அவை அவள் கையைப் பார்க்கவில்லை.

"மான் வந்துடுச்சுன்னா எல்லாம் சரியாப் போச்சுன்னு அர்த்தம்," என்றான் நார்பர்ட். "வெள்ளிக்கிழமை போவோம். நீ மேட்டுப் பரண், நான் சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம். கூப்பிட்டா ஓடி வர்ற தூரம். வீட்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி வந்தா பைத்தியம் புடிச்சிடும் உனக்கு."

அவள் ஒத்துக்கொண்டாள். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை என்பது உண்மைதான்.

வெள்ளிக்கிழமை சூரியன் மேட்டுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தபோது அவள் பரணில் வார்களோடு பிணைந்து உட்கார்ந்திருந்தாள். மேகம் தாழ்ந்து, காற்று செத்து, கடைசி இலைகள் தாமாகவே காம்பு விட்டுச் சுழன்று சுழன்று கீழே போவதைத் தவிர அசைவே இல்லாத ஒரு மாலை. நார்பர்ட் இருக்கும் பக்கம் அறுத்த சோளத் தட்டைகள் சாம்பல் நிறத்தில் வரிசையாக மங்கிக்கொண்டிருந்தன. அவள் வில்லைத் தூக்கிக் குறிவளையத்தின் வழியே பார்த்தாள். பச்சை, மஞ்சள், சிவப்பு, மறுபடி பச்சை, மஞ்சள். ஐந்தும் ஒளிர்ந்தன. ஒவ்வொன்றையும் அதன் தூரத்தில் வைத்துப் பார்த்தாள். பச்சையில் புதர். மஞ்சளில் கல். சிவப்பில் பாஸ்வுட் மரம். எங்கும் எதுவும் இல்லை. ஐந்து இடத்திலும் இருக்கலாம். ஐந்துக்கும் இடையில் இருக்கலாம்.

பொறுக்க முடியவில்லை. கைபேசியை எடுத்து வெண்டலைக் கூப்பிட்டாள்.

"என்ன மகாராணி, காட்டுல இருந்தா பேசற? மான் ஓடிடப் போகுது."

"அந்த ஒத்த ஊசி எங்க?" என்று கிசுகிசுத்தாள்.

"இழுப்பறையில. ஏன், மனசு மாறிடுச்சா?"

"முள் எங்க நிக்குதுன்னு பாத்துச் சொல்லு."

இழுப்பறை திறக்கும் சத்தம். பிறகு, "இதென்ன இழவு. இருபதத் தாண்டிக் கீழ வந்திருக்கு. எண்ணெல்லாம் முடிஞ்சு அடியில முட்டிட்டு நிக்குது. திருப்பினாலும் வரமாட்டேங்குது."

"உன் பக்கத்துல... உன் பக்கத்துல ஏதாவது இருக்கா?"

"நானும் ஹீட்டரும்தான். லீட்டா? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

கடை ஆற்றுக்கு அந்தப் பக்கம். வில் அவள் கையில். ஊசி அவன் இழுப்பறையில். அது ஒருநாளும் வில்லிலிருந்து அளக்கவில்லை.

அவளிலிருந்து.

கீழே பார்த்தாள். பரணின் அடி, ஏணி, வேர்கள், சருகு. சருகில் ஒரு தடமும் இல்லை. இடப்பக்கம். வலப்பக்கம். இருபது கஜத்துக்குள் ஒரு முயல் இருந்தாலும் தெரிந்துவிடும். ஒன்றுமில்லை.

புளித்த பால் வாடை.

வலது கைச்சட்டை மேல் ஏதோ விழுந்தது. பட்டைத்துணுக்கு, நகம் அளவு. அதைத் தட்டிவிட்டாள். இன்னொன்று விழுந்தது. காற்று இல்லை. அணிலாக இருக்கும். அணில்தான். அணில் இவ்வளவு மெதுவாக நகராது.

அவள் மேலே பார்க்கவில்லை.

கைபேசியில் நார்பர்ட்டுக்குச் செய்தி அனுப்பினாள்: வா. வில்லோட வா.

மரம் ஒருமுறை முனகியது. பெரிய பாரம் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு மாறுவது போல. பிறகு அமைதி. பிறகு, தலைக்கு மேலே, ஒரு மூச்சு. உள்ளே இழுத்த மூச்சு. வெளியே விடவில்லை. அவள் காத்திருந்தாள். விடவே இல்லை.

சோளக்காட்டின் விளிம்பில் நார்பர்ட் தெரிந்தான். வேகமாக வந்துகொண்டிருந்தவன், முதல் மரத்தைத் தாண்டியதும் அப்படியே நின்றான். அவளைக் கூப்பிடவில்லை. கையசைக்கவில்லை. அந்த மங்கலிலும் அவன் முகம் வெளுத்தது தெரிந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

"லீட்டா." குரலே இல்லாமல் வெறும் காற்றாக வந்தது. "அசையாத. மேல பாக்காத."

அம்பைப் பூட்டினான். நாணை முழுக்க இழுத்தான். முனை அவள் தலைக்கு ஒரு முழம் மேலே நின்றது.

அவன் உதடுகள் அசைவது தெரிந்தது. அவளுக்குத் தெரியும் அது என்னவென்று. அவன் நின்ற இடத்திலிருந்து மரம் எத்தனை கஜம்? அவன் அளக்கவில்லை, இரண்டு கையும் வில்லில் இருந்தன. முதல் ஊசியா, இரண்டாவதா. ஒன்று மாற்றி வைத்தால் அம்பு வேண்டிய இடத்துக்கு மேலே போகும். அல்லது கீழே. கீழே இருந்தது அவள். வில் ஓர் இழை உயர்ந்தது, ஓர் இழை தாழ்ந்தது. இருட்டிக்கொண்டே வந்தது. அவன் முழங்கை நடுங்கத் தொடங்கியது.

விடு, என்று நினைத்தாள். எதையாவது வைத்து விடு.

அவள் தலைக்கு மேல் பட்டை உரசியது. நெடுக. கீழ்நோக்கி. நின்றது. அவளை மரத்தோடு பிணைத்திருந்த வார் சட்டென்று இறுகியது, அவளுக்கும் மரத்துக்கும் நடுவில் இன்னொன்றுக்கும் இடம் கொடுத்ததுபோல. பிடரியில் ஈரம். வெதுவெதுப்பு.

நார்பர்ட் நாணை விடவில்லை. தளர்த்தவும் இல்லை. எதையோ பின்தொடர்வது போல அம்பின் முனை மெல்ல, மிக மெல்ல இறங்கி வந்தது. அவள் தலைக்கு மேலிருந்து நெற்றிக்கு. நெற்றியிலிருந்து தொண்டைக்கு. அவன் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. முனை இன்னும் கொஞ்சம் இறங்கி, அவள் நெஞ்சுக்கு நேராக வந்து, அங்கேயே நின்றது.